கரப்பான் தின்ற ஸ்பீக்கர்

எங்கள் முதல் ஸ்பீக்கரைக் கரப்பான்பூச்சி தின்றுவிட்டது.

விடிந்து, பால் வாங்கி வைத்துவிட்டு, ஆசையாக ஒரு தடவை பார்ப்போமே என்று மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கினேன். டீத்தூள் வரும் பலகைப் பெட்டியை அறுத்து, ஆணி அடித்துச் செய்த பெட்டி. அதன் முகத்தில் வட்டமாக ஒரு துளை. துளையில் பொருத்திய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றி, முந்தின நாள் மாலைவரை மொடமொடவென்று நின்ற பட்டு வளையம், இப்போது அரிபட்டுத் தொளதொளவென்று கிடந்தது. ஓரத்தில் கொழுத்த கரப்பான் ஒன்று, பந்தியில் சாப்பிட்டு எழுந்த சம்பந்தி மாதிரி, மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் போட்ட கூச்சலில் என் மாமியார் துடைப்பத்தோடு ஓடிவந்தார். பின்னாலேயே என் வீட்டுக்காரர். அவர் பெயரைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. இந்தத் தொடர் முழுக்க 'இவர்' என்றுதான் எழுதி வருகிறேன், ஆசிரியரும் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னாடா தடவி வெச்ச இதுல?" என்று அத்தை கேட்டார்.

"கஞ்சி போட்டேன்மா. பட்டு விறைப்பா நிக்கணும்ல?"

"கஞ்சி ஊத்தி வெச்சா கரப்பான் வராம கலெக்டரா வருவாரு?"

இவர் ஸ்பீக்கருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காய்ச்சல்காரக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அந்தப் பெட்டி பேசியாக வேண்டும். சும்மா பேசினால் போதாது, என் அப்பாவின் தவில் மாதிரிப் பேச வேண்டும். பேசினால்தான் அப்பா எங்கள் வீட்டுப் படி ஏறுவார்.

அப்பா போட்ட நிபந்தனை

போன வாரம் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் சின்ன காஞ்சிபுரத்தில் மேளக்கார வீட்டுப் பெண். அப்பா சிங்காரம், தவில் வாசிப்பவர். இவர் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். ஒரு கல்யாணத்துக்கு அப்பா வாசிக்கப் போனார், நானும் கூடப் போனேன். இவர் அங்கே மைக் செட்காரருக்கு ஒயர் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நெசவு வயிற்றுக்கு, ஒயர் உயிருக்கு என்று இருந்த ஆள். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். போன வாரம் அதற்கே பாதிப் பக்கம் போய்விட்டது.

இரண்டு வீட்டிலும் சண்டை. அத்தை சீக்கிரமே இறங்கிவந்தார். அப்பாவுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அம்மா வந்து போய்க்கொண்டிருந்தாள். அப்பா மட்டும் இறங்கவில்லை. நெசவுக்காரர் வீட்டுக்குப் பெண் போய்விட்டதே என்று ஊர் பேசிய அளவுக்கு அவர் பேசவில்லை. அவருடைய கோபம் வேறு. அவருக்கு மைக் செட்டைக் கண்டாலே ஆகாது. அந்த மைக் செட்டுக்குப் பின்னால் ஓடுகிறவன் மாப்பிள்ளையாக வந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. தவிலுக்கு இரண்டு முகம். வலது பக்கம் வலந்தலை, விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பது. இடது பக்கம் தொப்பி, குச்சியால் அடிப்பது. வலந்தலை காதுக்குக் கேட்கும், தொப்பி வயிற்றுக்குக் கேட்கும். கம்பத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் வலந்தலை மட்டும் தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி வரும். தொப்பி போன இடம் தெரியாது. ரேடியோவிலும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

"பாதி ஆள வெட்டிட்டு, மீதிப் பாதிய கத்த வெக்கிறானுங்க," என்பார் அப்பா. எத்தனையோ பேர் கூப்பிட்டும் அவர் ஒலிப்பதிவு எதற்கும் போனதில்லை.

கல்யாணம் முடிந்து ஆசீர்வாதம் வாங்கப் போனோம். அப்பா கூடத்தில் உட்கார்ந்து தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. நாங்கள் விழுந்து கும்பிட்டோம். அவர் பாட்டுக்கு வாரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வாட்டி நம்ம வூட்டுக்கு வந்துட்டுப் போங்கப்பா," என்றேன்.

"உன் புருஷன் டப்பாவுல என்னிக்குத் தொப்பி பேசுதோ, அன்னிக்கு வரேன். போ."

வரமாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது புரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மனிதருக்குப் புரியவில்லை. அவர் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டார். தெருமுனை திரும்புவதற்குள், "பொட்டி நல்லா கனமா இருக்கணும் வேதா, பலக அதிரவே கூடாது," என்று ஆரம்பித்தார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடக்கிறேன், அவர் பலகையைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பாதி வழியில் சிரிப்பும் வந்துவிட்டது.

சம்பத் பிடித்த நாடா

எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மன் கோயில். ஆடியில் கூழ் ஊற்றும்போது வருஷா வருஷம் அப்பாதான் மேளம். மகள் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டாள் என்பதற்காக அவர் அம்மனை விட்டுவிடவில்லை. வந்தார், வாசித்தார். எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அது கல்யாணமான முதல் ஆடி. நான் கூழ் அண்டாவுக்குப் பக்கத்தில், பெண்கள் கூட்டத்தோடு போய் நின்றேன். அப்பா வாசித்துக்கொண்டே கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை என்மேலும் வந்தது. விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. முகம் மாறவில்லை, கை நிற்கவில்லை. நான் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அன்றைக்கு நடந்த இன்னொரு விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. இவருடைய சிநேகிதர் சம்பத், பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவரிடம் இரண்டு சக்கரம் சுற்றும் டேப் ரிக்கார்டர் ஒன்று இருந்தது. அன்று அவர் தேங்காய்க் கூடைக்குப் பின்னால் மைக்கை மறைத்து வைத்து, அப்பாவின் வாசிப்பு முழுவதையும் நாடாவில் பிடித்துவிட்டார்.

"தொப்பி நாடாவுல இருக்குதுபா," என்று சம்பத் பிறகு இவரிடம் சொன்னார். "ஹெட்போன மாட்டிக்கினு கேட்டேன், நல்லாவே இருக்குது. ஸ்பீக்கருதான் அத வெளிய வுட மாட்டேங்குது."

இவர் அன்று இரவு சாப்பிடும்போது இந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை. தொப்பி இருக்கிறது, வெளியேதான் வரவில்லை. அதை வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதா'னுக்கு எங்களுக்கு அடுத்த ஆடி வரை ஆனது.

தொய்வு என்றால் ஆகாது

சத்தம் அசல் மாதிரியே கேட்கும் என்று சொல்லும் ஹை-ஃபை என்ற வார்த்தையை நாங்கள் பத்திரிகை விளம்பரத்தில்தான் பார்த்திருந்தோம். அதில் சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒரு துரை உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் பீரோ அளவுக்கு இரண்டு பெட்டிகள். எங்கள் வீட்டில் பீரோவே கிடையாது.

இவர் பட்டணத்துக்குப் போய்ப் பழைய சாமான் சந்தையில் சுற்றி, கூம்பு கிழிந்த ஒரு ஸ்பீக்கரைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். "காந்தம் நல்லா இருக்குது, பாரு," என்று அதன் முதுகில் என் ஊக்கைக் கொண்டுவந்தார். ஊக்கு டக்கென்று ஒட்டிக்கொண்டது. அதைப் பிடுங்குவதற்குள் என் நகம் பெயர்ந்தது.

ஸ்பீக்கருக்குள் ஒரு கம்பிச் சுருள், காந்தத்தின் இடுக்கில் முன்னும் பின்னும் ஆடும். சுருளோடு ஒட்டிய கூம்பும் ஆடும். அந்த ஆட்டம்தான் நமக்குச் சத்தமாகக் கேட்கிறது. இதை இவர் எனக்கு முறத்தையும் உலக்கையையும் வைத்து விளக்கினார். அத்தை வந்து உலக்கையைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

கூம்பைப் பழைய காலண்டர் அட்டையில் செய்தார். கூம்பின் விளிம்பையும் வெளிச் சட்டத்தையும் சேர்க்க ஒரு வளையம் வேண்டும். அதற்குப் பட்டுத் துண்டு. எங்கள் வீட்டில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் பட்டுத் துண்டுக்கு வராது.

இந்த இடத்தில்தான் நெசவுக்காரப் புத்தி குறுக்கே வந்தது. காலையில் எங்கள் தெருவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். புடவையின் நீளவாட்டு இழைகளை, அதைத்தான் பாவு என்போம், தெரு நீளத்துக்கு நீட்டி, இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நீவிவிடுவார்கள். ஒரு இழை தொய்ந்தாலும் பெரியவர்கள் முகம் சுருங்கும். தொய்வு என்றால் சோம்பேறித்தனம், தொய்வு என்றால் அசிங்கம். பிறந்ததிலிருந்து இப்படி வளர்ந்தவர் கையில் ஒரு பட்டு வளையத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்? இழுத்துக் கட்டினார். சாதம் வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, பூப்போலத் தடவினார். காய்ந்ததும் விரலால் சுண்டினார். 'டிங்' என்றது. அவருக்கு அப்படி ஒரு பெருமை.

சம்பத்தின் ரிக்கார்டரைக் கொண்டுவந்து, எங்கள் ரேடியோவின் பின்பக்கத்தில் மாட்டி, அங்கிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்து, நாடாவை ஓட்டினோம். வலந்தலை கல்கண்டு மாதிரித் தெறித்தது. தொப்பி மட்டும் இல்லை. இவர் இன்னும் கொஞ்சம் கஞ்சி தடவினார். வலந்தலை இன்னும் தெறித்தது. தொப்பி அப்போதும் இல்லை. அன்று இரவுதான் கரப்பான் வந்தது.

கரப்பானுக்கு நன்றி

இப்போது அந்தக் காலைக்குத் திரும்பி வருகிறேன். இவர் ஸ்பீக்கரைக் கழற்றத் திருப்புளியை எடுத்தார்.

"கழட்டறதுக்கு முன்ன ஒரே ஒரு வாட்டி போட்டுப் பாருங்களேன்," என்றேன்.

"இதுல இன்னா இருக்குது வேதா? கந்தலாப் போச்சி."

"போடுங்க, பார்ப்போம்."

என் பிடிவாதத்துக்காகப் போட்டார். பட்டு படபடவென்று அடித்துக்கொண்டது. நாதஸ்வரம் சளிப்பிடித்த குரலில் இழுத்தது. அதற்கு நடுவில், ஒரே ஒரு தடவை, 'தொம்' என்றது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தாளத்தின் அடுத்த ஆவர்த்தனத்தில் மறுபடியும் 'தொம்'. என் கையில் ரோமம் சிலிர்த்தது. அது அப்பாவின் இடது கை. நான் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கேட்ட கை.

"கஞ்சி போச்சி, விறைப்பு போச்சி," என்று இவர் மெதுவாகச் சொன்னார். "தொய்வா இருக்குறதாலதான் கூம்பு நல்லா ஆடுது. நான் பாவு மாதிரியே நெனச்சிக்கினு இருந்துட்டேன் வேதா."

"வலந்தலைக்குத்தாங்க விறைப்பு. தொப்பிக்கு உள்பக்கம் பசையத் தடவிக் கனமாக்கிடுவாரு அப்பா. அதுதான் அடங்கிப் பேசும்," என்றேன்.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டீங்களா?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், என்னமோ ஏதோ என்று அத்தை எட்டிப் பார்த்தார். கரப்பானைக் கும்பிடச் சொன்னோம். தலையில் அடித்துக்கொண்டு போனார்.

கஞ்சி போகக் கழுவி உலர்த்திய மெத்தென்ற பட்டுத் துண்டை எடுத்து, இழுக்காமல், சற்றே மடிப்பு விழும்படி புது வளையம் ஒட்டினார் இவர். தொய்வாக விடும்போது அவர் விரல்கள் தயங்கின. பார்க்கவே பாவமாக இருந்தது. பட்டின் வழியே காற்று கசியாமலிருக்க, சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை வாங்கி வந்து மெல்லிசாகப் பூசினோம். இரண்டு நாள் எங்கள் வீட்டு ரசத்தில்கூட ரப்பர் வாசனை அடித்தது. ஆனால் கரப்பான் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

தறிக்குழி

தொப்பி வந்தது. கூடவே பெட்டியும் பேச ஆரம்பித்தது. டீப் பெட்டிப் பலகை மெல்லிசு. ஒவ்வொரு அடிக்கும் அது கடகடவென்று ஒத்து ஊதியது. கல்லை வைத்துப் பார்த்தார், மணல் மூட்டையை வைத்துப் பார்த்தார். அடங்கவில்லை.

கைத்தறியில் நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதி மிதிப்பார். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு குழி. இவர் தம்பி வாலாஜாபாத்தில் அரிசி மில் வேலைக்குப் போய்விட்டதால் ஒரு தறியைப் பிரித்து வைத்திருந்தோம். குழி மட்டும் சும்மா கிடந்தது. ஒரு நாள் அதற்குள் விழுந்த எலுமிச்சம்பழத்தை எடுக்க இறங்கிய இவர், "எங்கடா போச்சி?" என்று தனக்குத்தானே கேட்டார். குரல் அண்டாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் இரண்டும் பளபளத்தன.

"வேதா, பூமியவிட கனமான பொட்டி எங்கனா இருக்குதா?"

பரணில் கிடந்த பழைய கதவொன்றை இறக்கினார். தேக்கு, ஒரு ஆள் தூக்க முடியாது. அதில் வட்டமாக ஓட்டை அறுத்து, ஸ்பீக்கரை மேல் நோக்கிப் பதித்து, குழியின்மேல் மூடி போலப் படுக்க வைப்பதாகத் திட்டம். அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"தறிக்குழி சாமிடா. பூஜைக்குப் பொட்டு வெக்கிற எடம். அதுல போயி ரேடியோவப் பொதைக்கிறேன்ற."

"பொதைக்கலமா. சாமி மேல சங்கீதம் வெக்கிறேன்."

"வாய் மட்டும் இருக்குது உனக்கு," என்றார் அத்தை. பிறகு அவரே போய்க் கற்பூரம் கொண்டுவந்து, குழிக்குக் காட்டி, செருப்புக் காலோடு யாரும் கதவை மிதிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு நகர்ந்தார். குழிக்குள் கழிவுப் பட்டு நூலையும் பழைய கோணியையும் போட்டோம். கதவின் ஓரச் சந்துகளைக் களிமண்ணால் அடைத்தோம்.

நாடா ஓடியது. இதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. முதல் அடிக்கே மாடத்து அகல்விளக்கு நகர்ந்தது. அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை அப்படியே எழுந்து வந்தார்.

"கால்ல கேக்குதுடா," என்றார். கீரைக் காம்பு கையிலேயே இருந்தது.

நான் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன். கல்யாணமான பெண் இப்படிக் குதிக்கலாமா என்று அத்தை சொல்லவில்லை. அவரும் கதவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

கல்யாணப் புடவையின் ஓரம்

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். டப்பென்று சத்தம் நின்றது. கூம்பு இப்போது பலமாக ஆடியதால், சுருளுக்குப் போகும் மெல்லிய செப்புக் கம்பி ஒடிந்துவிட்டது. இவர் ஈயம் வைத்து ஒட்டினார். மறுபடி ஒடிந்தது. தடித்த கம்பி போட்டார். அது கூம்பை ஆடவிடவில்லை, தொப்பி செத்தது. மறுபடி மெல்லிய கம்பி, மறுபடி ஒடிந்தது. இப்படியே நாள் போய், திருவிழாவுக்கு முந்தின நாள் வந்துவிட்டது. கோயிலில் பந்தல் போட்டு மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் ஒடிந்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். இந்த மனிதர் சோர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கட்டிக்கொள்வதற்காகக் கல்யாணப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். இவர் கையால் நெய்த புடவை. மடிப்பை நீவிக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. எத்தனை தடவை மடித்தாலும் பிரித்தாலும் இந்த ஜரிகை ஒடிவதே இல்லை. பட்டு நூலைச் சுற்றிய வெள்ளித் தகடுதானே அது.

"ஏங்க, ஜரிகையில கரண்டு போவுமா?"

இவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

தறியில் இருந்த ஜரிகை முதலாளி வீட்டுச் சரக்கு, அதில் ஒரு முழம்கூட இவர் தொடமாட்டார். நான் என் புடவையின் முந்தானை முனையில் தொங்கிய குஞ்சத்திலிருந்து, கரை ஓரத்து ஜரிகை இழைகளை மட்டும் கத்தரித்தேன். விளக்குத் திரி திரிப்பதுபோல் தொடையில் வைத்துத் திரித்துக் கொடுத்தேன். ஈயம் வைத்தபோது உள்ளே இருந்த பட்டு கருகி, மயிர் பொசுங்கும் நாற்றம் அடித்தது. நெசவுக்காரர்கள் பட்டு அசலா போலியா என்று பார்ப்பதே இப்படிக் கொளுத்தித்தான்.

"அசல்தான்," என்றார் அத்தை, மூக்கைப் பொத்திக்கொண்டு.

நாடா முழுக்க ஓடி முடிந்தது. ஜரிகை ஒடியவில்லை. திருப்பிப் போட்டோம். மறுபடி முழுக்க ஓடியது.

கூழ் ஊற்றிய மதியம்

திருவிழா அன்று பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடாது. நாளெல்லாம் லொடக் லொடக் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அமைதி புதுசாக இருக்கும். காலையில் அப்பா வாசித்தார். கூழ் ஊற்றினார்கள். மதியம் மேளக்காரர்கள் கலைந்து, பஸ் நிற்குமிடத்துக்குப் போக எங்கள் தெரு வழியாக வந்தார்கள். முன்னால் நாதஸ்வரக்காரர், பின்னால் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா.

உள்ளே சம்பத் ரிக்கார்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இவர் ரேடியோவின் திருகில் கை வைத்திருந்தார். நான் ஜன்னலில் நின்றேன். அப்பா எங்கள் வாசலுக்கு நேராக வந்தபோது நாடாவை ஓடவிட்டார்கள்.

தொப்பி பேசியது.

நாதஸ்வரக்காரர் நடந்துகொண்டே போனார். அப்பா நின்றுவிட்டார். முதலில் கோயில் பக்கம் திரும்பி, யார் வாசிக்கிறார்கள் என்று பார்த்தார். அப்புறம் எங்கள் வாசலைப் பார்த்தார். தலை சாய்ந்தது. தோளில் தொங்கிய தவிலின்மேல் அவர் இடது கை விரல்கள் தாமாகவே அசைந்தன. வாங்கப்பா, வாங்கப்பா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் வரவில்லை. தவிலைத் தோளில் சரிசெய்துகொண்டு நடக்கத் தொடங்கினார். இரண்டு வீடு தாண்டிவிட்டார். நான் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

அப்போது அவர் சடாரென்று திரும்பினார். முகம் சிவந்திருந்தது. விடுவிடுவென்று வந்து, செருப்பை வாசலில் உதறிவிட்டு, படி ஏறி, நேரே கூடத்துக்கே வந்துவிட்டார்.

"நிறுத்துடா. இன்னா பண்ணி வெச்சிருக்க?" என்றார் இவரிடம். "நடுவுல ஒரு அடி எங்க? அந்த எடத்துல தொப்பி ஒரு அடி இருக்குது. உன் டப்பா முழுங்கிடிச்சி."

இவர் ஜரிகை ஒடிந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தார். "நாடாவுல இன்னா இருக்குதோ அதுதாங்க வரும்," என்று சம்பத் இழுத்தார்.

"திருப்பிப் போடு."

போட்டார்கள். அப்பா தவிலை இறக்கிச் சுவரோரமாக வைத்துவிட்டு, கதவுப் பலகைக்குப் பக்கத்தில் குந்தி, இடது உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு அடியும் அவர் கைக்கு வந்தது, எனக்கே தெரிந்தது, முழங்கை வரை அதிர்ந்தது. அந்த இடம் வந்தது. வலந்தலை ஓடிக்கொண்டே இருந்தது. தொப்பி ஒரு அடி இல்லை. அடுத்த அடியிலிருந்து மறுபடி ஒழுங்காக இருந்தது.

"இன்னொரு வாட்டி போடு."

இந்தத் தடவை அவர் கண்ணை மூடிக்கொண்டார். நாடாவோடு சேர்ந்து இடது கையால் பலகையில் தட்டிக்கொண்டே வந்தார். அந்த இடம் வந்ததும் அவர் கையும் நின்றது. நின்ற கையை மேலே தூக்கியபடியே கண்ணைத் திறந்தார்.

அத்தை ஒரு சொம்பில் மோரைக் கொண்டுவந்து, அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அப்பா சொம்பைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார், பிரித்துச் சாத்தியிருந்த தறியைப் பார்த்தார். தான் வீட்டுக்குள் இருப்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன்.

"டப்பா முழுங்கல," என்றார் இவரிடம். குரல் இறங்கியிருந்தது. "நான்தான் வுட்டுட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போன ஆடியில, அந்த எடத்துலதாம்மா நீ அண்டா பக்கத்துல வந்து நின்ன."

ஒரு வருஷமாக விளக்குக் கம்பமாக இருந்தவள், அந்தக் கதவுப் பலகையின்மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அப்பா என் தலையில் கை வைத்தார். அதே இடது கை.

இவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கிட்டே வந்து, "வேதா, கொஞ்சம் தள்ளி உக்காந்து அழும்மா," என்றார். "கூம்பு நசுங்கிடப் போவுது."